சந்தியில் தொங்கிய என் முகம்

என்னுடைய மரண அறிவித்தலை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் ஊர்ச் சந்தியில், பாண் கடைக்கு முன்னால் நிற்கும் மின்கம்பத்தில், ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். அதில் இருந்த பெயரும் வயதும் அக்காவுடையவை. முகம் என்னுடையது. அக்கா செத்து அரை நாள்கூட ஆகவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு மெழுகுதிரி வாங்கப் போன நான், என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடுச்சந்தியில் நின்றேன்.

அக்காவின் மகள் செய்த வேலை அது. முப்பத்திரண்டு வயது அவளுக்கு. போன் இல்லாத நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாத பிள்ளை. தாயின் தலைமாட்டில் அழுதுகொண்டு இருந்தபடியே, போனில் இருந்த ஒரு படத்தைக் கற்பிட்டியில் உள்ள அச்சுக்கடைக்கு அனுப்பி, இரண்டு மணித்தியாலத்தில் பானரை வரவழைத்துவிட்டாள். வேகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படம், முகத்தை அழகாக்குகிறேன் என்று போன் செய்கிற வித்தையோடு எடுக்கப்பட்டது. அறுபத்தேழு வயதுக்காரியின் நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழ்ப் பை, வெயிலில் கருவாடு காயவைத்துக் காயவைத்து ஏறிய கறுப்பு, எல்லாவற்றையும் அது துடைத்துவிட்டிருந்தது. அதோடு சேர்த்து இடது கன்னத்துத் தழும்பையும் துடைத்துவிட்டது.

அந்தத் தழும்பை வைத்துத்தான் ஊர் எங்களைப் பிரித்து அறிந்தது. அக்காவுக்கும் எனக்கும் இரண்டே வயது வித்தியாசம். மூக்கும் முழியும் ஒன்று, நடையும் ஒன்று. கன்னத்தின் நடுவிலிருந்து வாயோரம்வரை கோடு கிடந்தால் அக்கா, கிடக்காவிட்டால் நான். பானரில் போட்டிருந்த பெயர் உதவியிருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்தில் எழுதுவதற்கு மட்டும்தான். யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. ஊருக்கு அவள் பெரியக்கா, நான் சின்னக்கா. ஆகவே சந்தியில் சின்னக்கா தொங்கினாள். சனம் சின்னக்காவுக்காக அழுதுகொண்டு வந்தது.

முதலில் வந்தவர் எங்களிடம் கருவாடு வாங்குகிற வியாபாரி. தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, புத்தளத்தில் ஓலைக் குடிசையில் தொடங்கி, இப்போது முந்தல்வரை கருவாடு ஏற்றுகிற மனிதர். எங்களைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் அக்காவுக்கு அதுதான் சொல். மோட்டார் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தவர், வாசல் படலையில் நின்ற என்னைக் கண்டார். கையில் இருந்த தொப்பி விழுந்தது.

"யா அல்லாஹ்! தாத்தா, நீங்க மௌத்தாகல்லையா?"

"இல்ல. அக்கா."

"சந்தியில உங்கட படத்தயில்ல போட்டிரிக்காங்க!"

"அது அக்காட படமாம்."

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். பிறகு சந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அது சரியான ஆளுக்காக வந்த அழுகை. அன்று மாலைவரை நான் படலையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் நான் சாகவில்லை என்று சொல்லவேண்டியிருந்தது. சிலருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து அழவேண்டிய நேரத்தை ஒரு போன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

போன் வருமுன் எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அப்போது எங்களுக்குப் படம் என்பது சின்ன வயதில் புதுநன்மைக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, செத்தவீட்டுக்கு ஒன்று. சிலாபத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் பஸ்ஸில் வருவார். அவரும் பெரிய கெட்டிக்காரர் இல்லை; என் கலியாணப் படத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு காது இல்லை. சண்டைக் காலத்தில் கரையோரம் கமராவோடு நடந்தால் சோதனைச் சாவடியில் இருத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதனால் யாரும் நடக்கவும் இல்லை.

சண்டை முடிந்தது, கண்டக்குழியில் வெளிநாட்டுக்காரருக்கு விடுதிகள் வந்தன, அவற்றோடு போன்களும் வந்தன. டொல்பின் பார்க்கப் படகில் போகிறவர்கள் டொல்பினைப் பார்ப்பதில்லை. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கரைக்கு வந்த பிறகு அதில் தேடுவார்கள். தண்ணீர் இருக்கும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், பக்கத்தில் நின்றவனின் முழங்கை இருக்கும். மாதாவைத் தூக்கிவரும் பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் ஒரு கூட்டம் பின்னோக்கி நடக்கப் பழகிக்கொண்டது. மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாதாவோடு படம்! மாதா பொறுமையானவள், நான் அப்படியில்லை. ஒருத்தியை வழியில் கிடந்த வாழைக்குற்றியில் தடக்கி விழட்டும் என்று பார்த்துக்கொண்டே விட்டேன். விழுந்தாள். எழும்பி அதையும் படம் எடுத்தாள்.

கலியாணத்துக்கு முன்பே கலியாணப் படம் எடுக்கிற சோடிகளும் கொழும்பிலிருந்து வரத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை சப்பாத்தோடு எங்கள் வள்ளத்தில் ஏறித் துடுப்பைத் தலைகீழாகப் பிடிப்பான். பெண் வலையைப் போர்த்துக்கொண்டு தூரத்தைப் பார்ப்பாள். ஒருமுறை அப்படி வந்தவர்கள், கருவாட்டுப் பாய்களைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்னார்கள், மணக்கிறதாம். படத்தில் மணக்குமா என்று கேட்டேன். அக்கா என்னை முறைத்துவிட்டுப் பாய்களைத் தானே இழுத்து ஒதுக்கினாள். அதோடு நிற்காமல் அந்தப் பெண்ணின் கவுன் விளிம்பில் ஒட்டியிருந்த மணலையும் தட்டிவிட்டாள். படம் எடுத்து முடியும்வரை, நாங்கள் கருவாடு போடுகிற வாடிக் கொட்டிலின் நிழலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விசரி என்று நினைத்தேன்.

அக்காவுக்கும் ஒரு போன் வந்தது. அவளுடைய மூத்தவன் இத்தாலியில் ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறான். விசாக் கடதாசிகள் சரிவராததால் ஆறு வருடமாக ஊருக்கு வர முடியவில்லை. அவன் அனுப்பிய போனை அக்கா துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருப்பாள். ஞாயிறு பூசை முடிந்ததும் எடுத்து மகனோடு வீடியோவில் கதைப்பாள். அப்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது கன்னத்தை மட்டும் காட்டுவாள். போன் பிடிக்கத் தெரியவில்லை என்று நான் சிரிப்பேன். "ஓம், எனக்குத் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் வலது கன்னத்தையே காட்டுவாள்.

ஓர் உயிர்ப்புப் பெருநாளன்று மகள் அந்த அழகாக்கும் வித்தையை அவளுக்குக் காட்டினாள். புதுச் சேலையோடு கதிரையில் இருந்த அக்காவை ஒரு படம் எடுத்து, போனை அவள் கையில் கொடுத்தாள். அக்கா நெடுநேரம் பார்த்தாள். விரலால் அந்த இடது கன்னத்தை ஒருமுறை தடவினாள், போனில்.

"வடிவாத்தான் இருக்கு" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். "இது ஆர் புதுப் பொம்பிளை? எப்ப எங்கட வீட்ட வந்தவ? சோறு போட்டனியளா?" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. போனைத் துவாயில் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனாள். என் பகிடி நன்றாக எடுபட்டது என்ற சந்தோசத்தில் நான் இரண்டாவது கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

அவள் செத்தபோது எடுத்த படங்களைப் பற்றி என்ன சொல்ல? பெட்டியைச் சுற்றி நின்றவர்களில் கையில் போன் இல்லாதவர்கள் செபம் சொன்ன சாமியும் நானும் அக்காவும்தான். மகள் பெட்டிக்கு மேலே போனை நீட்டிப் பிடித்து இத்தாலிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் கிட்டப் பிடி, தங்கச்சி" என்று மூத்தவன் அங்கே அழுத சத்தம் மட்டும் எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. மற்றவர்கள் யாருக்குக் காட்ட எடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிறகு மகளின் போனில் பார்த்தபோது, அந்த வித்தை செத்த முகத்தையும் விட்டுவைக்கவில்லை என்று கண்டேன். பிரேதத்துக்கும் கன்னத்தில் ரோசா நிறம்.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. அன்று சாமி சேமக்காலையில் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு போவார். அதற்குள் கல்லறைக்குக் கல் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். முன்பு சிலுவையும் பெயரும் போதும். இப்போது சிலாபத்தில் கறுப்புக் கல்லில் முகத்தையே செதுக்கித் தருகிறார்கள். பானர் படத்தையே கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள்.

"ஏலாது" என்றேன். "அந்தப் பொய் மூஞ்சைக் கல்லில வெட்டினா, நான் போய்க் கடப்பாரையால உடைப்பன்."

நான் சொன்னால் செய்கிறவள் என்று அவளுக்குத் தெரியும். "அப்ப கோடு இருக்கிற படம் ஒண்டு கொண்டாங்க சின்னம்மா" என்றாள். கொண்டுவருகிறேன் என்று சவால் விட்டேன்.

அந்தக் கோட்டைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அதைப் போட்டவள் நான். எனக்கு அப்போது ஏழு வயது, அவளுக்கு ஒன்பது. அப்பா காயவைத்திருந்த கைத்தூண்டிலை எடுத்து, அவரைப் போலவே தலைக்கு மேலே சுழற்றிக் கடலுக்குள் எறிய வெளிக்கிட்டேன். அக்கா பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. கயிறு திடீரென்று இறுகியது. மீன் பிடித்துவிட்டது என்று நினைத்து இழுத்தேன். பலமாக இழுத்தேன். அவள் அம்மாவிடம் வேலிக்கம்பியில் விழுந்ததாகச் சொன்னாள். அம்மா சாகும்வரை அது வேலிக்கம்பி என்றே இருந்தது. எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விசயம் அந்தக் கோடு. அதைத் துடைத்துவிட்டால் எனக்கு அக்கா இல்லை.

ஆகவே தேடினேன். அவளுடைய கலியாணப் படத்தில் முகத்தின் வலதுபக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் ஞானஸ்நானப் படத்தில் பிள்ளையைத் தூக்கி இடது கன்னத்தோடு அணைத்திருந்தாள். அவளுடைய புருசனின் செத்தவீட்டுப் படத்தில் முந்தானை. ஸ்டூடியோக்காரரின் காலத்திலும் அந்தக் கோடு எந்தப் படத்திலும் விழவில்லை. அது தற்செயலாக நடந்தது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். அடையாள அட்டையில் நேராகப் பார்த்த முகம் இருந்தது. மரணம் பதியப் போனபோது அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தின்னுகிற சோற்றைக்கூடப் படம் எடுக்கிற மகள், அந்த அட்டையை ஒரு படம் எடுத்துவைக்கவில்லை. அவளுடைய போனில் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள் கிடந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கேக், நகம், பூனை, அவளுடைய சொந்த முகம், மறுபடியும் அவளுடைய சொந்த முகம். அவளுக்குப் பின்னால் எங்காவது தாயின் கையோ முதுகோ கொஞ்சம் தெரியும்.

கடைசியில் வியாபாரியிடம் இருந்தது. அவருடைய போன் கண்ணாடி வெடித்த பழைய சாமான். அதற்கு யாரையும் அழகாக்கத் தெரியாது, அவருக்கும் எதையும் அழிக்கத் தெரியாது. முந்தலில் உள்ள ஒரு கடைக்காரருக்குக் கருவாட்டைக் காட்டுவதற்காக எங்கள் வாடியில் ஒரு வீடியோ எடுத்திருந்தார். பாயில் கட்டாக் கருவாடு கிடக்கிறது. அவருடைய செருப்புக் கால் பாயின் ஓரத்தை மிதிக்கிறது. உடனே அக்கா நேராக வருகிறாள், தலையில் துணி, கையில் ஈர்க்கு. "காலை எடும்! சாப்பிடுற சாமானில செருப்போட ஏறுவியளோ?" அவ்வளவுதான், எட்டு விநாடி. வெயில் முழுவதும் அவளுடைய இடது கன்னத்தில். கோடு அப்படியே தெரிகிறது.

"எனக்கு ஏசின வீடியோ, தாத்தா. அதான் வச்சிரிக்கன்" என்றார் அவர்.

நான் வென்றுவிட்டேன். அந்த வீடியோவிலிருந்து ஒரு முகத்தை நிறுத்தி எடுக்கச் சொன்னேன். மகள் எடுத்தாள், எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதில அம்மா ஏசிறா, சின்னம்மா. வாய் கோணி இருக்கு."

"உன்ர கொம்மாட வாய் எப்பவும் அப்பிடித்தான்."

அடுத்த கிழமை இருவரும் சிலாபத்துக்குப் பஸ் ஏறினோம். பாலாவி தாண்டும்வரை நான் கதைத்துக்கொண்டே வந்தேன். போன்களைப் பற்றியும் பொய் முகங்களைப் பற்றியும் உலகம் கெட்டது பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. முந்தலில் பஸ் நின்றது. இறால் பண்ணைப் பக்கமிருந்து சேற்று மணம் வந்தது. மகள் போனை எடுத்து ஏதோ தேடினாள். பஸ்ஸிலும் படமா என்று கேட்க வாய் திறந்தேன். அவள் அதை என் காதில் வைத்தாள்.

"அண்ணாட போனில கிடந்தது. நேற்றுத்தான் எனக்கு அனுப்பினவர். கேளுங்க சின்னம்மா. என்னோட கோவிக்கக் கூடாது."

அக்காவின் குரல். இத்தாலிக்குப் பேசி அனுப்பியது. பின்னால் சேவல் கூவுவதும் கேட்டது.

"மகன், உன்ர தங்கச்சி எடுத்த இந்தப் படத்தைக் கவனமா வச்சிரு. நான் போனா இதைத்தான் போடவேணும், கல்லிலயும் இதைத்தான். உன்ர சின்னம்மா சத்தம் போடுவா. அவளுக்கு இந்தக் கோடு வேணும். எனக்கு வேண்டாம் மகன். ஒன்பது வயசில இருந்து சுமந்தது காணும். நான் சொன்னனெண்டு அவளிட்டச் சொல்லாதைங்க, அவள் அழுவாள். நீங்களாப் போட்டதெண்டு சொல்லுங்க."

மறுபடியும் போடச் சொன்னேன். அவள் போட்டாள். மூன்றாம் தரம் கேட்கும்போது பஸ் வெளிக்கிட்டது. இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மணலைத் தட்டிவிட்ட கவுன், துவாயில் சுற்றிய போன், புதுப் பொம்பிளைக்குச் சோறு போட்டீர்களா என்று நான் கேட்ட கேள்வி, எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. சிலாபம்வரை யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளிலும் போன் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

கல் வெட்டுகிறவர் எங்களை இருத்திவிட்டுப் படத்தைக் கேட்டார். மகள் இரண்டு படங்களையும் எடுத்து என்னிடம் நீட்டினாள். வெயிலில் ஏசிக்கொண்டு நின்ற என் அக்காவை ஒருமுறை பார்த்தேன். பிறகு உயிர்ப்புப் பெருநாள் படத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் படம் அப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை, அக்கா ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

அவர் போனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர், வருகிற பெண்களையெல்லாம் 'நோனா' என்பார். உயிரோடு இருக்கும்போதே கல்லுக்குச் சொல்ல வருகிறவர்களும் உண்டாம்.

"இது நோனாட படம்தானே?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல. அக்காட."

"அப்படியே ஒரே முகம்."

எங்களைச் சேர்த்துப் பார்த்த யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லோருடைய கண்ணும் முதலில் அந்தக் கோட்டுக்குத்தான் போகும். ஐம்பத்தெட்டு வருடமாக அவள் தினமும் கோடு விழாத என் முகத்தில் பார்த்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஓம்" என்றேன். "ஒரே முகம்தான்."